ராய்லி யார் வீட்டு விருந்தாளி?

ஹெல்சிங்கியில் ஹில்லா குடியிருக்கும் கட்டிடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டை விட்டுக் கிளம்புமுன் கதவில் காதை வைத்துக் கேட்பார்கள். மாடிப்படியில் யாராவது போகிற சத்தம் கேட்டால், அவர்கள் போய்ச் சேரும்வரை உள்ளேயே நிற்பார்கள். நேருக்கு நேர் பார்த்துவிட்டால் பேச வேண்டி வருமே, அதனால்தான்.

அவர்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. எல்லாருமே நல்லவர்கள். அடுத்தவரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் பெரிய மரியாதை என்பது எங்கள் ஊர்க்காரர்களின் நினைப்பு. உங்கள் சட்டையில் தீப்பிடித்திருந்தால்கூட, "மன்னிக்கணும், ஒரு நிமிஷம் பேசலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட கட்டிடத்தில்தான் பத்து வயது ஹில்லாவுக்கு ராய்லியின் பழக்கம் கிடைத்தது. அதற்குக் காரணம் ஒரு படுக்கை விரிப்பு.

கட்டிடத்தின் அடித்தளத்தில் துணி துவைக்கும் அறை இருக்கிறது. அதை ஒட்டி, வெந்நீர்க் குழாய்கள் ஓடும் கதகதப்பான இன்னொரு அறை. துவைத்த துணிகளை அங்கேதான் கொடி கட்டிக் காயப்போடுவார்கள். ஹில்லாவின் அம்மா பல் மருத்துவமனையில் தாதி. அவர் வேலை முடிந்து வர நேரமாகும் என்பதால், காய்ந்த துணிகளை எடுத்து மடிப்பது ஹில்லாவின் பொறுப்பு.

சின்னத் துணிகளை மடிப்பது சுலபம். பெரிய விரிப்புதான் பாடாய்ப் படுத்தும். அதைச் சுருக்கம் போக இழுத்து மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஹில்லா ஒரு முனையைக் கதவுப் பிடியில் கட்டி, மறு முனையைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"பல்லால இழுத்தா பல்லுதான் விழும். அந்த முனையை இங்க குடு."

சொன்னது மூலையில் பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி. பழுப்புக் கோட்டு, படிய வாரிய நரைமுடி, மடியில் கைப்பை. அவர் எழுந்து வந்து விரிப்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். வழவழப்பான தரையில் ஹில்லா சறுக்கிக்கொண்டே போய் அவர்மேல் மோதினாள்.

"வீட்ல சோறு போடறாங்களா இல்லையா உனக்கு? காத்தாடி மாதிரி வர்றே."

"நீங்கதான் குதிரை மாதிரி இழுக்கறீங்க."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். எங்கள் கட்டிடங்களில் முன்பின் தெரியாத இரண்டு பேர் சேர்ந்து சிரிப்பது அபூர்வம்.

"நான் ராய்லி," என்றார் அவர்.

"நான் ஹில்லா. மூணாவது மாடி."

ராய்லி எந்த மாடி என்று சொல்லவில்லை. ஹில்லாவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஹில்லா எப்போது கீழே போனாலும் ராய்லி அங்கே இருந்தார். கொடியில் அவருடைய துணி என்று பார்த்தால் ஒரு ஜோடி காலுறை மட்டும்தான் தொங்கியது. கை கழுவும் தொட்டியின் ஓரத்தில் ஒரு பல் தூரிகை இருந்தது. பக்கத்தில் ஜாம் பாட்டில் ஒன்று, குழாய்த் தண்ணீர் பிடித்துக் குடிப்பதற்கு.

ஒருநாள் விரிப்பை மடிக்கும்போது, மேசையை இழுப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. ஹில்லா கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"குழாய் ரொம்பப் பழசு," என்றார் ராய்லி.

மறுபடியும் சத்தம் கேட்டது. வந்தது ராய்லியின் வயிற்றிலிருந்து. ஹில்லா கவனிக்காததுபோல இருந்துவிட்டாள். மறுநாள் கீழே போகும்போது இலவங்கப்பட்டை போட்ட பன் ஒன்றை எடுத்துப்போய், "எனக்கு வேணாம், நீங்க சாப்பிடுங்க" என்று கொடுத்தாள். ராய்லி அதை மெதுவாகச் சாப்பிட்டார். தாளில் ஒட்டியிருந்த சர்க்கரையைக்கூட விடவில்லை.

அது நடந்தது புதன்கிழமை. வியாழக்கிழமை ஹில்லா பள்ளியிலிருந்து வந்தபோது, குடியிருப்போர் சங்கத் தலைவர் ஹக்கலா லிஃப்ட் பக்கத்தில் ஓர் அறிவிப்பை ஒட்டிக்கொண்டிருந்தார். வெளியே மைனஸ் இருபத்தைந்து டிகிரி. அவர் மீசையில் இன்னும் பனி ஒட்டியிருந்தது.

"தெருவுல குழாய் உடைஞ்சிருச்சு," என்றார் அவர், அறிவிப்பைப் பார்த்தபடியே. "சாயங்காலத்திலேருந்து தண்ணியும் வராது, சூடும் வராது. எல்லாம் நாளைக்குத்தான். பாத்திரத்துல தண்ணி பிடிச்சு வைக்கச் சொல்லு அம்மாகிட்ட."

"கீழ துணி காயப்போடற ரூம்?"

"பூட்டிடுவோம். குழாய்க்காரங்க அங்கதான் வேலை பாக்கணும்."

"அப்ப ராய்லி எங்க இருப்பாங்க?"

"யாரு?"

"பழுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு கீழ உக்காந்திருப்பாங்களே."

"ஓ, அவங்களா. உங்க மாடி ஹெல்வியோட தங்கச்சிதானே? ஹெல்வி வீட்டுக்குப் போயிடுவாங்க."

ஹில்லா படியேறிப் போய் எதிர்வீட்டு ஹெல்வியின் கதவைத் தட்டினாள். முன்பே சொல்லாமல் போய்க் கதவைத் தட்டுவது எங்கள் ஊரில் பெரிய விஷயம். ஹெல்வி கையகலம் மட்டும் கதவைத் திறந்தார்.

"என்ன, வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல. கீழ இருக்காங்களே ராய்லி, அவங்க உங்க தங்கச்சியா?"

"எனக்குத் தங்கச்சியே கிடையாது." ஹெல்வி மாடிப்படியை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவங்க ஹக்கலாவோட சிநேகிதி. கல்யாணம் பண்ணிக்கப் போறாங்கன்னு நெனைக்கிறேன். அந்த மனுஷனுக்கு இப்பவாவது ஒரு துணை கிடைச்சுதேன்னு எனக்கு ஒரே சந்தோஷம். எதிர்ல பாத்தாக்கூட முகத்தைத் திருப்பிக்குவேன். அவங்க கூச்சப்படக் கூடாதில்ல."

"கல்யாணம் பண்ணிக்கப் போறவங்க ஏன் கீழயே உக்காந்திருக்காங்க?"

ஹெல்வி கொஞ்சம் யோசித்தார். "ஹக்கலா வீட்ல உக்கார இடம் இருக்காது. அவ்வளவு பழைய சாமான். சரி, நீ போ. இன்னைக்கு என்னோட சௌனா முறை. வாரத்துல ஒரே ஒரு நாள் நிம்மதியா நீராவியில குளிக்கலாம்னா, இன்னைக்குன்னு பாத்து குழாய் உடைஞ்சிருக்கு."

ஹக்கலாவைப் போய், "நீங்க கல்யாணம் பண்ணிக்கப் போறீங்களா?" என்று கேட்க ஹில்லாவுக்குத் துணிச்சல் வரவில்லை. கேட்கவும் தேவையில்லை. அவர்தான் ராய்லியை ஹெல்வியின் தங்கை என்கிறாரே.

முதல் மாடியில் கல்லூரி மாணவன் ஒஸ்கு இருந்தான். அவன் ஒரு காதிலிருந்து மட்டும் பாட்டு கேட்கும் கருவியைக் கழற்றினான்.

"அவங்களா? உங்க வீட்டு விருந்தாளின்னுல்ல நெனச்சேன். நீதானே அவங்ககூட சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தே."

ஹில்லா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். கட்டிடம் முழுக்க எல்லாரும் ராய்லியைப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் அவரை அடுத்த வீட்டு விருந்தாளி என்று நினைத்து, மரியாதையாக ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். அவர் யார் வீட்டு விருந்தாளியும் இல்லை. அவருக்குப் போக வீடே இல்லை.

பல் தூரிகை, காலுறை, ஜாம் பாட்டில் எல்லாம் இப்போது விளங்கின. கீழறையைப் பூட்டிவிட்டால் ராய்லி இந்தக் குளிரில் தெருவில்தான் நிற்க வேண்டும். அவள் அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அம்மா, ராய்லிக்கு வீடு இல்ல."

"யாரு, கீழ இருக்கறவங்களா? அவங்க ஹெல்வியோட…"

"இல்லம்மா. யாரோடயும் இல்ல. எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன்."

"எல்லார்கிட்டயுமா? கதவைத் தட்டியா?"

"ஆமா. நம்ம சோபாவுல படுத்துக்கச் சொல்லலாமா?"

"சொல்லலாம்தான். ஆனா நம்ம வீடும் ராத்திரி குளிர்ந்து போயிடும், தண்ணியும் இருக்காது. அதோட, ஒரு ராத்திரிக்கு சோபா சரி, அப்புறம் என்ன பண்ணுவாங்க? நகரசபையில இதுக்குன்னே அவசர உதவி நம்பர் இருக்கு. அனுப்பறேன், கூப்பிட்டுக் கேளு. நான் சீக்கிரம் சொல்லிட்டுக் கிளம்பி வர்றேன். நான் வர்ற வரைக்கும் நீ கட்டிடத்தை விட்டு வெளிய போகாதே."

அந்த எண்ணில் ஒரு ஆண்குரல் பேசியது. அவசரம் இல்லாத குரல். ஹில்லா எல்லாவற்றையும் சொன்னாள்.

"பெண்களுக்குன்னு இரவுத் தங்குமிடம் ஒண்ணு இருக்கு," என்றார் அவர். "கட்டில், சாப்பாடு, குளிக்கச் சுடுதண்ணி எல்லாம் இருக்கு. பணம் வேணாம். குளிர் அதிகமா இருக்கறதால இன்னைக்கு சீக்கிரமே திறந்துட்டாங்க. நாளைக்குக் காலையில ஒருத்தர் உக்காந்து பேசி, வீடு தேட வழி பண்ணுவாங்க."

"அப்ப வந்து கூட்டிக்கிட்டுப் போவீங்களா?"

"அவங்க வர்றேன்னு சொன்னாங்களா?"

"இன்னும் கேக்கல."

"அதைக் கேக்கணும்மா. அவங்களுக்கு வேணுமா வேணாமான்னு அவங்கதான் சொல்லணும். நீயும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது."

ஹில்லா அடித்தளத்துக்கு இறங்கினாள். ஒருவரிடம் போய் உனக்கு வீடு இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது? பள்ளியில் மேடையேறிப் பாடும்போதுகூட அவளுக்கு இவ்வளவு பயம் இருந்ததில்லை. கடைசிப் படியில் நின்று கேள்வியை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள்.

ராய்லி கோட்டுப் பொத்தான்களை மாட்டிக்கொண்டிருந்தார். அறையைப் பூட்டப்போவது அவருக்கும் தெரிந்திருந்தது.

"ராய்லி, இன்னைக்கு ராத்திரி தூங்க உங்களுக்கு இடம் இருக்கா?"

ராய்லியின் கை பொத்தானிலேயே நின்றுவிட்டது.

"நான் சமாளிச்சுக்குவேன்," என்றார்.

எங்கள் ஊரில் கால் உடைந்து கிடக்கிறவரும் இதையேதான் சொல்வார். ஹில்லா அதை நம்பவில்லை.

"எப்படிச் சமாளிப்பீங்க?"

"டிராம்ல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்துக்கிட்டிருக்கலாம். உள்ள சூடாத்தான் இருக்கும்."

"ராத்திரி டிராமை நிறுத்திடுவாங்களே."

ஹில்லா பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ராய்லியும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வாடகைக்கு இருந்த அறையை வித்துட்டாங்க," என்றார். "சிநேகிதி வீட்டு சோபாவுல கொஞ்ச நாள் படுத்திருந்தேன். அவ பேத்தி பொறந்து வீட்டுக்கு வந்துச்சு. இடம் வேணும்னு அவ கேக்கல. அவ கேக்கறதுக்கு முன்னாடி நானே கிளம்பிட்டேன். இங்க வாசல்ல நின்னப்ப ஒரு பையன் எனக்காகக் கதவைத் திறந்து பிடிச்சான். எதுவுமே கேக்கல."

"காதுல பாட்டு மாட்டியிருந்தானா?"

"ஆமா."

"ஒஸ்கு. நீங்க யானையா இருந்தாலும் அவன் கதவைப் பிடிச்சிருப்பான்."

ராய்லிக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. ஹில்லா தங்குமிடத்தைப் பற்றிச் சொன்னாள். கட்டில், சாப்பாடு, சுடுதண்ணீர் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். ராய்லி தலையை ஆட்டி மறுத்தார்.

"அதெல்லாம் ரொம்பக் கஷ்டப்படறவங்களுக்கு, ஹில்லா. எனக்கு நல்ல கோட்டு இருக்கு, நடக்கக் கால் இருக்கு. நான் போய் ஒரு கட்டில எடுத்துக்கிட்டா, வேற ஒருத்தி இந்தக் குளிர்ல வெளிய நிப்பா. அப்படி ஒரு தூக்கம் எனக்கு வேணாம்."

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஹில்லாவுக்கு ஒன்று தோன்றியது.

"அங்க எத்தனை கட்டில் காலியா இருக்குன்னு யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"இதையெல்லாம் போய்க் கேப்பாங்களா?"

"நான் கேக்கறேன்."

ஹில்லா அதே எண்ணைக் கூப்பிட்டு, ராய்லிக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டாள். அதே குரல் பேசியது.

"மறுபடியும் ஹில்லா பேசறேன். ஒரே ஒரு கேள்வி. அந்த இடத்துல இப்ப எத்தனை கட்டில் காலி?"

"ஒரு நிமிஷம் இரு, பாக்கறேன்." விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "மூணு."

"இன்னைக்கு யாராவது இடம் இல்லாம திரும்பிப் போனாங்களா?"

"யாரும் போகல. நிறைஞ்சு போனாலும் மெத்தை போட்டுப் படுக்க வைப்பாங்க. இந்தக் குளிர்ல யாரையும் திருப்பி அனுப்ப மாட்டாங்க."

"அப்ப ராய்லி வரலேன்னா அந்தக் கட்டில்ல யாரு படுப்பாங்க?"

"யாரும் படுக்க மாட்டாங்க. காலியாத்தான் கிடக்கும்."

ராய்லி தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். "விரிப்பெல்லாம் போட்டு வெச்சிருப்பாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"போட்டுத்தான் இருக்கும்," என்றது குரல். "காலையில துவைச்சது."

ராய்லி எழுந்து, கொடியிலிருந்து காலுறையை எடுத்துக் கைப்பையில் வைத்தார். ஜாம் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தார். பல் தூரிகையைத் தாளில் சுற்றினார்.

அம்மா வந்து சேர்ந்ததும் மூவரும் மாடிப்படி ஏறி வாசலுக்கு வந்தார்கள். கட்டிடமே அமைதியாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஆள் நிற்பது ஹில்லாவுக்குத் தெரியும். படிக்கட்டில் உட்கார்ந்து அவள் தொலைபேசியில் பேசியது எல்லார் காதிலும் விழுந்திருக்கும்.

முதலில் ஹக்கலாவின் கதவு திறந்தது. அவர் வந்து ராய்லியின் முன்னால் நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஹக்கலா," என்று தன் பெயரைச் சொல்லிக் கை நீட்டினார். "நான் கேட்டிருக்கணும். கேக்காம விட்டுட்டேன்."

"ராய்லி," என்று அவரும் கை கொடுத்தார். "நானும் சொல்லியிருக்கணும்."

மேலிருந்து ஹெல்வி மூச்சு வாங்க இறங்கி வந்து ஒரு ஜோடி கம்பளிக் காலுறையை ராய்லியின் கையில் திணித்தார். பிறகு ராய்லியையும் ஹக்கலாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப கல்யாணம் இல்லையா?"

"யாருக்குக் கல்யாணம்?" என்றார் ஹக்கலா.

"ஒண்ணுமில்ல," என்று ஹெல்வி வேகமாக மேலே ஏறிவிட்டார்.

தங்குமிடம் டிராமில் போனால் பக்கம்தான். வழியெல்லாம் ராய்லி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி வந்தார். இறங்கியதும் ஒரு முறை நின்றார். அம்மாவும் கூடவே நின்றார். குளிரில் ஹில்லாவின் கண்ணிமைகள் ஒட்டிக்கொண்டன. பிறகு ராய்லியே நடக்க ஆரம்பித்தார்.

உள்ளே வரவேற்பு மேசையில் குட்டை முடி வைத்த ஒரு பெண் இருந்தார். பட்டாணி சூப் மணம் வந்தது. வியாழக்கிழமை ஆயிற்றே, எங்கள் ஊர் வழக்கப்படி அன்று எங்கேயும் பட்டாணி சூப்தான்.

"வாங்க, சொல்லுங்க," என்றார் அந்தப் பெண்.

ஹில்லா வாயைத் திறந்தாள். அம்மா அவள் கையை லேசாக அழுத்தினார். ஹில்லா வாயை மூடிக்கொண்டாள்.

ராய்லி தரையில் கிடந்த மிதியடியைப் பார்த்தார். கைப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். மேசைப் பெண் அவசரப்படுத்தவில்லை.

"என் பேரு ராய்லி," என்றார் கடைசியில். "எனக்குத் தூங்க இடம் இல்ல. ஒரு கட்டில் வேணும்."

சொல்லி முடித்ததும் அவர் கண் கலங்கிவிட்டது.

"இருக்கு ராய்லி. ஜன்னல் பக்கமா இருக்கற கட்டிலத் தர்றேன், அங்க சத்தம் குறைவு. சாப்பிட்டீங்களா?"

"ஒரு பன் சாப்பிட்டேன்."

"எப்ப?"

"நேத்து."

ஹில்லா திடுக்கிட்டாள். அது அவள் கொடுத்த பன். அதற்குப் பிறகு ராய்லி எதுவுமே சாப்பிடவில்லை. மேசைப் பெண் உடனே எழுந்து, ராய்லியைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போனார்.

அவர் திரும்பி வந்ததும் அம்மா மேசையில் அவரிடம் ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார். ஹில்லா கண்ணாடிக் கதவில் மூக்கை வைத்து உள்ளே பார்த்தாள். நீளமான மேசையில் நாலைந்து பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ராய்லி கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். கோட்டு இல்லாமல் அவரை ஹில்லா இதுவரை பார்த்ததே இல்லை. கிண்ணம் நிறைய சூப் வந்தது. குனிந்த தலை நிமிராமல் ராய்லி அதைக் குடித்து முடித்தார். கரண்டியால் அடியைச் சுரண்டினார்.

பிறகு அவர் அடுப்புப் பக்கம் இருந்த பெரிய பாத்திரத்தைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். மறுபடியும் பாத்திரத்தைப் பார்த்தார்.

"கேளுங்க, கேளுங்க," என்று ஹில்லா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் முணுமுணுத்தாள்.

ராய்லி கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"